தைராய்டு ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படிக்கும் முறை: பிட்யூட்டரியைச் சந்தேகிக்க வேண்டிய இடம்

அறிக்கை கைக்கு வந்ததும் பலரும் டி.எஸ்.எச். என்ற ஒரே வரியைத்தான் பார்க்கிறார்கள். அது வரம்புக்குள் இருந்தால் தைராய்டில் கோளாறு இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதே அல்ல. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் அதைச் சுரந்து தைராய்டை வேலை வாங்குகிறது.

படி 1: டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோனில் ரத்தத்தில் தனித்து உலவும் பகுதி) ஆகிய இரண்டையும் அருகருகே எழுதி, ஆய்வகம் அச்சிட்டிருக்கும் வரம்பையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு டி.எஸ்.எச். ஏறத்தாழ 0.4 முதல் 4.0 வரையும், ஃப்ரீ டி4 டெசிலிட்டருக்கு 0.8 முதல் 1.8 நானோகிராம் வரையும் இருக்கும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் இது சற்று மாறும். கர்ப்பிணிகளுக்கு வரம்பே வேறு.

படி 2: முதலில் ஃப்ரீ டி4-ஐப் பார்த்துவிட்டு, அதற்கேற்ப டி.எஸ்.எச். நகர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். டி4 குறைந்து டி.எஸ்.எச். ஏறியிருந்தால் கோளாறு பெரும்பாலும் தைராய்டில்தான். டி4 கூடி டி.எஸ்.எச். இறங்கியிருந்தால் தைராய்டு ஹார்மோன் மிகுந்துவிட்டது என்று பொருள். டி4 சரியாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் சற்று ஏறியிருந்தால், சில வாரங்கள் கழித்து மறுபடி பரிசோதிப்பதே வழக்கம்.

படி 3: இங்கேதான் நிதானம் வேண்டும். ஓர் அறிக்கையில் டி.எஸ்.எச். 1.9, ஃப்ரீ டி4 0.5 என்று வைத்துக்கொள்வோம். 1.9-க்குப் பக்கத்தில் எச்சரிக்கைக் குறி எதுவும் இருக்காது. ஆனால் டி4 இவ்வளவு இறங்கும்போது, நலமான பிட்யூட்டரி டி.எஸ்.எச்.-ஐப் பல மடங்கு ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றவில்லை என்பதுதான் இங்கே செய்தி. தனியாகப் பார்த்தால் இயல்பாகத் தெரியும் இந்த எண், டி4-உடன் சேர்த்துப் பார்க்கையில் இயல்பானது அல்ல.

படி 4: உடனே பிட்யூட்டரி நோய் என்று அஞ்சிவிடவும் வேண்டாம். கடுமையான உடல்நலக் குறைவு, ஸ்டீராய்டு மருந்துகள், அண்மையில் மிகுதைராய்டுக்குச் சிகிச்சை பெற்றது ஆகியவையும் டி.எஸ்.எச்.-ஐ அடக்கி வைக்கும். முடிக்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை, சில ஆய்வக முறைகளில் எண்களையே பொய்யாக்கிவிடும் என்பதால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படி 5: இவை எதுவும் பொருந்தாவிட்டால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள். விடாத தலைவலி, பக்கவாட்டுப் பார்வை மங்குதல், மாதவிடாய் நின்றுபோதல், பிரசவத்தில் மிகுந்த ரத்தப்போக்கு ஏற்பட்டுப் பின் பால் சுரக்காமல் போனது, தலையில் பட்ட பலத்த அடி, கதிர்வீச்சு சிகிச்சை ஆகியவற்றில் எது இருந்தாலும் கேட்கும்வரை காத்திராமல் சொல்லிவிடுங்கள். பிட்யூட்டரிக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. காலை 8 மணி அளவில் கார்டிசால் (பிட்யூட்டரியின் தூண்டுதலால் அட்ரினல் சுரப்பி சுரக்கும், உயிர்வாழத் தேவையான ஹார்மோன்), அதனுடன் புரோலாக்டின் போன்ற மற்ற ஹார்மோன்கள், பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்று பரிசோதனைகள் தொடரும்.

இதில் கார்டிசாலைத் தள்ளிப்போடவே கூடாது. கார்டிசால் குறைந்திருப்பது தெரியாமல் தைராக்ஸின் (டி4 ஹார்மோன்) மாத்திரையைத் தொடங்கினால், உடலில் மிஞ்சியிருக்கும் கார்டிசாலும் வேகமாகச் செலவழிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே அந்தக் குறையை முதலில் சரிசெய்த பிறகே தைராக்ஸின் தருவார்கள். அதன் பின்னர் மருந்தின் அளவைத் தீர்மானிக்க டி.எஸ்.எச். உதவாது, ஃப்ரீ டி4-ஐத்தான் பார்க்க வேண்டும், அதற்கான ரத்தத்தையும் அன்றைய மாத்திரையைச் சாப்பிடுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.