நாஷ்வில்லில் கண்ட்ரி இசை: டிக்கெட் எடுப்பதிலிருந்து இசைக்குழுவைச் சந்திப்பது வரை

அமெரிக்கக் கிராமப்புறத்தில் பிறந்த கண்ட்ரி இசையை முதன்முதலாக நேரில் கேட்கப் போகிறீர்களா? அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இருக்கும் நாஷ்வில்லில், கிராண்ட் ஓல் ஓப்ரி நிகழ்ச்சியிலிருந்து தொடங்குங்கள். 1925-இல் வானொலிக்காக ஆரம்பித்தது, இன்றும் நடக்கிறது. ஒவ்வொருவரும் இரண்டு மூன்று பாட்டுப் பாடிவிட்டு இறங்க, அடுத்தவர் மேடையேறுவார். பழுத்த கலைஞரையும் புதுமுகத்தையும் ஒரே இரவில் கேட்டுவிடலாம். யாரைப் பிடிக்கும் என்றே தெரியாத புதியவருக்கு இதைவிட வசதி கிடையாது.

1. டிக்கெட்

ஓப்ரியின் சொந்த இணையதளத்திலேயே எடுங்கள். எந்த அரங்கம் என்பதைக் கவனியுங்கள். பழைய ரைமன் அரங்கம் ஊருக்கு நடுவில் இருக்கிறது. 1974-இல் திறந்த ஓப்ரி ஹவுஸ் ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது. எவ்வளவு பெரிய பை கொண்டுபோகலாம் என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

2. அரங்கத்துக்குள்

ஓப்ரி ஹவுஸ் மேடையின் நடுவே ஆறடி அகலத்தில் ஒரு மரவட்டம் தெரியும். ஓப்ரி நிகழ்ச்சி ரைமனை விட்டு இங்கே வந்தபோது அந்தப் பழைய மேடையிலிருந்து வெட்டியெடுத்துப் பதித்தது. பாடுபவர் அதன்மேல்தான் நிற்பார்.

பாடகரையே பார்த்துக்கொண்டிருக்காமல் பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிப்பவரைத் தேடுங்கள். மேசை மாதிரி படுக்கைவாட்டில் இருக்கும் கருவியின் முன் உட்கார்ந்திருப்பார். வலது கை விரல்கள் மீட்டும், இடது கை ஓர் எஃகுத் துண்டைத் தந்திகள்மேல் நகர்த்தும், காலும் முழங்காலும் பெடல்களையும் நெம்புகோல்களையும் தள்ளி சுருதியை வளைக்கும். வீணையின் கமகத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த வளைவு சட்டென்று பிடித்துவிடும். எனக்குக் கண்ட்ரி இசையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

3. மேடைக்குப் பின்னால்

இங்கேதான் பலருக்குக் குழப்பம். ‘பேக்ஸ்டேஜ் டூர்’ டிக்கெட் ஒப்பனை அறைகளைச் சுற்றிக் காட்டும். கலைஞரைச் சந்திக்க வைக்கும் என்று உறுதி கிடையாது. ‘மீட் அண்ட் கிரீட்’ வேறு. அது அந்தந்தக் கலைஞரின் ரசிகர் மன்றம் வழியாகவோ விஐபி டிக்கெட்டிலோ கிடைக்கும். வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், ஒரு படம், ஒரு கைகுலுக்கல், அவ்வளவுதான். அதனால் சொல்ல நினைப்பதை ஒரே வாக்கியமாக முன்பே யோசித்து வையுங்கள்.

ஜூன் மாதம் போக முடிந்தால், கண்ட்ரி இசைச் சங்கம் (சிஎம்ஏ) நடத்தும் சிஎம்ஏ திருவிழாவைப் பாருங்கள். 1972-இல் ‘ஃபேன் ஃபேர்’ என்று ரசிகர்களுக்காகவே தொடங்கியது. 1996-இல் புகழ்பெற்ற கண்ட்ரி பாடகர் கார்த் புரூக்ஸ் அங்கே 23 மணி நேரம் நின்று கையெழுத்துப் போட்டார். ரசிகரை மதிப்பது இந்த இசையில் அப்படி ஊறிய பழக்கம்.

4. இசைக்குழுவோடு உண்மையாகப் பேச

இதற்கு என் சிபாரிசு நாஷ்வில்லின் பிராட்வே தெருவில் இருக்கும் ‘ஹாங்கி டாங்க்’, அதாவது கண்ட்ரி இசைக்குழுக்கள் நேரடியாக வாசிக்கும் மதுக்கூடங்கள். பழைய பாணிக்கு ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்டு. பகலிலேயே கச்சேரி தொடங்கிவிடும். பல இடங்களில் நுழைவுக் கட்டணம் இல்லை. வாசிப்பவர்கள் டிப்ஸை நம்பித்தான் இருக்கிறார்கள். வாளி சுற்றி வரும்போது தாராளமாகப் போடுங்கள், பாட்டுக் கேட்டால் இன்னும் கொஞ்சம் சேர்த்து.

இடைவேளையில் அவர்கள் இறங்கி வந்ததும் தண்ணீர் குடிக்க விடுங்கள். அப்புறம் போய், கேட்ட பாட்டைப் பற்றிக் குறிப்பாகச் சொல்லுங்கள். “சூப்பர்” என்பதைவிட, “இரண்டாவது பாட்டில் அந்தப் பெடல் என்ன செய்தது?” என்று கேட்டால் ஆர்வத்தோடு விளக்குவார்கள். கருவியைத் தொடாதீர்கள், படம் எடுக்கும் முன் கேளுங்கள். அடுத்த சுற்றுக்கு அவர்கள் கிளம்பியதும் வழிவிட்டுவிடுங்கள்.