பிரான்சின் கிராமத்துச் சாலைகளில் சைக்கிள்: எங்கே சறுக்குகிறார்கள்?

பிரான்சில் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று யாராவது சொன்னால் போதும், பேச்சு ஆல்ப்ஸ், டூர் டி பிரான்ஸ் என்று மலையேறிவிடுகிறது. உண்மையான சுகம் கீழே, ஊருக்கு ஊர் போகும் சின்னத் தார்ச் சாலைகளில் இருக்கிறது. லிமூசான், பர்கண்டி, ஜேர்ஸ் போன்ற பகுதிகளில் வெகுநேரம் மிதித்தாலும் எதிரே வண்டியே வராத சாலைகள் ஏராளம். அங்கே போய் அவதிப்படுகிறவர்களில் போக்குவரத்தால் அவதிப்பட்டவர்கள் குறைவு. சாலைதான் காலியாக இருக்கிறதே என்று அசட்டையாக விட்ட விஷயங்களே காலை வாருகின்றன.

முதல் தவறு நம்மவர்களுக்கே உரியது. இந்தியாவிலோ இலங்கையிலோ ஓட்டிப் பழகியவருக்கு இடப்பக்கம் ரத்தத்தில் ஊறியிருக்கும், பிரான்சில் வலப்பக்கம். நகரத்தில் இது பெரிய சிக்கலில்லை, முன்னால் போகிற வண்டியைப் பார்த்தே போய்விடலாம். பின்பற்ற யாருமில்லாத சாலையில்தான் பழைய பழக்கம் எட்டிப்பார்க்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதுகூட இல்லை, படம் எடுக்க நின்று திரும்ப ஏறும்போது, ரொட்டிக் கடை வாசலிலிருந்து கிளம்பும்போது, விடியற்காலையில் விடுதியை விட்டு முதல் திருப்பத்தில் திரும்பும்போது. அதனால் எதற்காக நின்றாலும் வலப்பக்க ஓரத்திலேயே நில்லுங்கள். கிளம்பும்போது இருக்கிற பக்கமே சரியான பக்கமாகிவிடும்.

வாடகை சைக்கிள் எடுப்பவர்கள் பிரேக்கையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் வலக்கைப் பிரேக் முன்சக்கரத்தைப் பிடிக்கும். அங்கே பொதுவாக இடக்கைப் பிரேக்தான் முன்சக்கரத்துக்கு. இதை இறக்கத்தில் கண்டுபிடிப்பதைவிட கடை வாசலிலேயே ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிடலாம்.

வலப்பக்கத்திலிருந்து வருபவர்

வெளியூர்க்காரர்களை அதிகம் தடுமாற வைக்கும் விதி ‘பிரியோரித்தே ஆ த்ருவாத்’. பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில், உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முதல் உரிமை. நீங்கள் அகலமான சாலையில் வருகிறீர்கள், அவர் ஒரு சந்திலிருந்து தலைகாட்டுகிறார் என்பதெல்லாம் கணக்கில் வராது.

கிராமத்துக்குள் நுழையும்போது இது எப்படியிருக்கும் என்று பாருங்கள். சாலையோரத்தை ஒட்டியே கல் வீட்டுச் சுவர். அந்தச் சுவர் முடிகிற இடத்தில் ஒரு சந்து. சந்துக்குள் என்ன வருகிறது என்பது அதன் வாய்க்கு வரும் வரை தெரியாது. வெள்ளை வேனில் வரும் உள்ளூர்ப் பெரியவர் இடப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே வந்துவிடுவார். நமக்குக் கோபம் வரும். ஆனால் சட்டம் அவர் பக்கம்.

மூன்று பலகைகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும். வெள்ளை விளிம்புள்ள மஞ்சள் வைர வடிவம் இருந்தால் உங்கள் சாலைக்கு முன்னுரிமை. அதே வைரத்தின் குறுக்கே கறுப்புக் கோடு போட்டிருந்தால் அந்தச் சலுகை முடிந்தது. ஊர் எல்லையில் இதை அடிக்கடி பார்க்கலாம். சிவப்பு முக்கோணத்துக்குள் பெருக்கல் குறி இருந்தால், அடுத்த சந்திப்பில் வலப்பக்கக்காரருக்கு வழிவிட வேண்டும். அப்புறம் தரையையும் பாருங்கள். பக்கச் சாலையின் வாயில் வெள்ளைக் கோடு போட்டிருந்தால் நிற்க வேண்டியவர் அவர். கோடு இல்லையா, கையைப் பிரேக்கில் வையுங்கள்.

வரைபடம் சொல்லாதது

ஃபோன் செயலி காட்டும் ‘அமைதியான பாதை’யை அப்படியே நம்புவது அடுத்த தவறு. அது உங்களைச் சோளக் கொல்லைக்கு நடுவே டிராக்டர் தடத்தில் கொண்டுபோய் விடும். இல்லையென்றால் லாரி ஓடும் சாலையில் விடும். பிரான்சில் ‘D’ எழுத்துள்ளவை மாவட்டச் சாலைகள், ‘C’ உள்ளவை ஊராட்சிச் சாலைகள். மூன்று இலக்க D சாலை என்றால் சின்னது என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. 2006 வாக்கில் தேசிய நெடுஞ்சாலைகள் பலவற்றை அரசு மாவட்டங்களிடம் ஒப்படைத்தது. அவை புது எண்ணோடு D சாலைகளாகிவிட்டன. பழைய N6-இன் ஒரு பகுதி இன்று D906. பழைய N20 லுவாரே மாவட்டத்தில் D2020, தெற்கே D820. பெயரில்தான் மாவட்டச் சாலை, லாரிகளுக்குக் குறைவில்லை. D8, D9 என்று தொடங்கும் மூன்று இலக்க எண்களையும் நான்கு இலக்க எண்களையும் கண்டால் வரைபடத்தில் சாலையின் தடிமனைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மேடு பள்ளத்தைக் கணக்கில் சேர்க்காதவர்களும் நிறைய. மலைப் பகுதி இல்லையே, 100 கிலோமீட்டர் சுலபம் என்று ஜேர்ஸுக்குப் போகிறார்கள். அங்கே லான்மெஸான் மேட்டுநிலத்திலிருந்து சாவ், ஜிமோன், அரா, ஜேர்ஸ், பாயிஸ் என்று ஆறுகள் விசிறி மடிப்பு மாதிரி வடக்கே விரிந்து ஓடுகின்றன. ஆற்றை ஒட்டி வடக்கு தெற்காகப் போனால் கால் வலிக்காது. கிழக்கு மேற்காகப் போனால் ஒவ்வொரு ஆற்றுக்கும் இறங்கி, அடுத்த மேட்டில் ஏறி, மறுபடி இறங்கி... ஒவ்வொரு ஏற்றமும் சின்னதுதான், சாயங்காலத்துக்குள் எல்லாம் சேர்ந்து ஒரு மலையாகிவிடும். தூரத்தைப் பார்க்கும்போதே மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்றும் பாருங்கள்.

சோறும் தண்ணீரும்

என்னைக் கேட்டால் பயணத்தை அதிகம் கெடுப்பது இதுதான். பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் மனதில் ஒரு படம் வைத்திருப்பார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அந்த 1200 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்தில் ஊர்மக்கள் நடுராத்திரியில்கூட வீட்டு வாசலில் மேசை போட்டு காபியும் கேக்கும் தருவார்கள். 2019, 2023 ஓட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து பலர் போய் வந்ததால் நம்மிடையே அந்தக் கதைகள் பிரபலம். சாதாரண நாளில் அதே ஊர்களில் ஒரு பிஸ்கட் பாக்கெட்கூடக் கிடைக்காது.

பல கிராமங்களில் கடையே கிடையாது. ஒரு சர்ச், ஊராட்சி அலுவலகம், போரில் இறந்தவர்களுக்கான நினைவுத் தூண், அவ்வளவுதான். கடை இருக்கிற ஊரிலும் மதியம் பன்னிரண்டரை வாக்கில் கதவைச் சாத்தினால் மூன்று, நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். ரொட்டிக் கடைக்கு வார விடுமுறை வேறு உண்டு. பல ஊர்களில் அது திங்கள், சில ஊர்களில் புதன். ஞாயிறு மதியத்துக்கு மேல் எல்லாமே மூடல். ஓட்டலிலும் ஒன்றரை மணிக்குப் பிறகு போய்ச் சாப்பாடு கேட்டால் அடுப்பை அணைத்தாயிற்று என்பார்கள். ஆகவே ‘அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது வேலைக்கு ஆகாது. பதினொரு மணிக்கு ஒரு ரொட்டிக் கடை திறந்திருந்தால், பசி இல்லாவிட்டாலும் வாங்கிப் பையில் வையுங்கள். சைவக்காரர்கள் ஓட்டலை நம்புவதைவிட பகெத் ரொட்டி, சீஸ், தக்காளி, பருவத்தில் பீச் பழம் என்று தாங்களே பார்த்துக்கொள்வது மேல். சில ஊர்களில் ரொட்டி தரும் தானியங்கிப் பெட்டி இருக்கும். சில்லறை கையில் இருக்கட்டும். கடைக்குள் நுழைந்ததும் ‘போன்ஜூர்’ சொல்லாமல் ரொட்டியைக் காட்டிக் கேட்டால் ரொட்டி கிடைக்கும், முகம் கிடைக்காது.

தண்ணீருக்கு உள்ளூர் சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த இடம் கல்லறைத் தோட்டம். பெரும்பாலும் ஊரின் விளிம்பில், தாழ்ந்த மதிலும் இரும்புக் கதவுமாக இருக்கும். உள்ளே கதவுக்குப் பக்கத்திலேயே குழாய்; பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக அருகில் பூவாளிகள் தொங்கும். சைக்கிளை வெளியே சாய்த்துவிட்டுப் போய்ப் பிடித்துக்கொள்ளலாம். கல்லறையிலா என்று முகம் சுளித்தால் தாகம்தான் மிச்சம். ஆனால் குழாய் மேல் ‘ஓ நோன் பொத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் அது குடிக்கும் தண்ணீர் அல்ல. குளிர்காலத்தில் குழாய் உறைந்து வெடிக்காமலிருக்க இணைப்பையே மூடிவிடுவதும் உண்டு.

சாலையும் பருவமும்

கோடையில் பல மாவட்டங்கள் சாலையில் தார் தெளித்து அதன் மேல் ஜல்லிப்பொடி கொட்டுகின்றன. அது படியும் வரை ‘கிராவியோன்’ என்று பலகை வைப்பார்கள். கார்ச் சக்கரம் ஓடிய இரண்டு தடங்களில் பொடி அமுங்கியிருக்கும். நடுவிலும் ஓரத்திலும் குவிந்து கிடக்கும். தடத்திலேயே போங்கள், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் முன்பிரேக்கைத் தொடாதீர்கள். வடக்கே சோம் (Somme), ஏன் (Aisne) ஆகிய மாவட்டங்களில் இலையுதிர்காலத்தில் சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் கிழங்கு அறுவடை. டிராக்டர்கள் இழுத்து வரும் சேறு மழையில் நனைந்தால் சோப்புத்தான். இந்தச் சாலைகளில் 23 மில்லிமீட்டர் அகல டயர் வீண் பிடிவாதம், 28 அல்லது 32 போடுங்கள். மாற்று டியூப் இரண்டு இருக்கட்டும், சைக்கிள் கடை அடுத்த பெரிய ஊரில்தான்.

செப்டம்பரிலிருந்து பிப்ரவரி முடிய வேட்டைக் காலம். காட்டுப்பன்றி விரட்டும் நாளில் சாலையோரத்தில் ‘ஷாஸ் ஆன் கூர்’ என்று பலகை நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் இது சகஜம். சாலையை மூடமாட்டார்கள். ஆரஞ்சு நிறத்தில் எதையாவது மாட்டிக்கொண்டு போவதும், காட்டுத் தடங்களில் இறங்காமல் தார்ச் சாலையிலேயே இருப்பதும் புத்திசாலித்தனம்.

சட்டம் சுருக்கமாக: காதில் இயர்ஃபோன் வைத்து ஓட்டினால் 135 யூரோ அபராதம். இரவிலும் வெளிச்சம் குறைந்தபோதும் ஊருக்கு வெளியே ஒளிரும் மேலாடை கட்டாயம். 12 வயதுக்குட்பட்டவருக்கு ஹெல்மெட் கட்டாயம். பெரியவர்களுக்கு இல்லை, ஆனால் போட்டுக்கொள்ளுங்கள். இருவர் இணையாகப் போகலாம், பின்னால் வண்டி முந்த வந்தால் ஒற்றை வரிசைக்கு மாற வேண்டும். ஊருக்கு வெளியே கார் உங்களை முந்தும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும், பெரும்பாலும் விடுகிறார்கள். விழுந்துவிட்டால் அவசர எண் 112. எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்ல, ஓரத்தில் மஞ்சள் தலையோடு நிற்கும் கிலோமீட்டர் கல்லில் சாலை எண் இருக்கும்.

கடைசியாக, திரும்பி வரும் ரயில். பாரிஸில் இருப்பவர்கள் ஆர்.இ.ஆர். ‘பி’ புறநகர் ரயிலைப் பிடித்து செயின்ட்-ரெமி-லே-ஷெவ்ரூஸில் இறங்கினால் நல்ல சாலைகள் நிலைய வாசலிலேயே தொடங்கும். ஆனால் வார நாட்களின் காலை, மாலை நெரிசல் நேரத்தில் சைக்கிளை ஏற்றவிடமாட்டார்கள். தொலைவில் இருந்தால் டி.இ.ஆர். வட்டார ரயில்கள். அவற்றில் சைக்கிளுக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் இல்லை, கோடையில் சில தடங்களில் மட்டும் முன்பதிவு கேட்பார்கள். கால அட்டவணையில் ‘ஒத்தோகார்’ என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் அந்த நேரத்துக்கு வருவது ரயில் அல்ல, பேருந்து. அதில் சைக்கிளுக்கு இடம் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.