எம்.பி.யின் இணையத்தளத்தில் கோரிக்கைப் பதிவேடு வைப்பது எப்படி

மட்டக்களப்பு மாவட்டத்து வெல்லாவெளியிலிருந்து ஒருவர் தன் எம்.பி.யின் இணையத்தளத்தைத் தேடி வருவது திறப்பு விழாப் படம் பார்க்க அல்ல. மூன்று மாதத்துக்கு முன் கொடுத்த கடிதம் எந்தக் கந்தோரில் நிற்கிறது என்று அறியத்தான். பேஸ்புக் பதிவு இரண்டு நாளில் கீழே போய்விடும், பிறகு தேடி எடுப்பது பெரும்பாடு. ஆகவே தளத்தில் முதலில் கட்டவேண்டியது, வந்த கோரிக்கைகளும் அவற்றின் நிலையும் பதியும் கோரிக்கைப் பதிவேடு.

மக்கள் சந்திப்பில் கையில் வாங்கும் கடிதம், வட்ஸ்அப்பில் வருவது, தளத்தின் படிவத்தில் வருவது எல்லாவற்றுக்கும் ஒரே தொடர் இலக்கம் போடுங்கள். வேறு வேறு கொப்பிகளில் எழுதினால் ஒரே கோரிக்கை இரண்டு தரம் போகும், அல்லது போகாமலே கிடக்கும். படிவத்தில் பெயர், தொலைபேசி, கிராம உத்தியோகத்தர் பிரிவு, பிரதேச செயலாளர் பிரிவு, விடயம் ஆகிய ஐந்தும் போதும். அடையாள அட்டை இலக்கம் கேட்காதீர்கள். கடிதம் எழுதும்போது தேவைப்பட்டால் அவரையே அழைத்துக் கேட்கலாம்.

பொதுவில் காட்டும் அட்டவணையில் இலக்கம், பிரதேச செயலாளர் பிரிவு, விடயம், எந்தத் திணைக்களத்துக்கு எழுதப்பட்டது, திகதி, பதில் ஆகியவை மட்டும் இருக்கட்டும். பெயரை நீக்கிவிட்டுக் கிராமத்தைப் போடுவதில் பயனில்லை. சின்ன ஊரில் ‘வீட்டுத்திட்டம், கணவனை இழந்தவர்’ என்றாலே ஆளைத் தெரிந்துவிடும். காணாமல் ஆக்கப்பட்டோர், காணிப் பிணக்கு, பொலிஸ் முறைப்பாடு மூன்றையும் அட்டவணையில் ஏற்றவே கூடாது. உரியவருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் ‘பதில் இல்லை’ என்றே எழுதுங்கள். அந்த வரிதான் தளத்துக்கு நம்பிக்கை தரும். அதன் கீழேயே, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டப்படி கோரிக்கை தந்தவர் தானே விண்ணப்பிக்கும் வழியைக் கொடுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அந்தத் திணைக்களம் 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். பாராளுமன்றத்தின் பொது மனுக்கள் குழுவுக்குப் போகும் மனுவை ஓர் உறுப்பினர்தான் சமர்ப்பிக்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. அதற்கும் ஒரு பக்கம் வேண்டும்.

உறுப்பினரின் பாராளுமன்ற உரைகளுக்கு ஹன்சாட் (பாராளுமன்ற உரைப் பதிவு) இணைப்பும் திகதியும் போதும். அமைச்சர் சிங்களத்தில் பதில் சொல்லியிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் தமிழாக்கிக் கீழே போடுங்கள். ஊரில் எதிர்பார்ப்பது அந்தப் பதிலைத்தான். அம்பாறை மாவட்டத் தளமென்றால் தொடர்பு விபரமும் அலுவலக நேரமும் சிங்களத்திலும் இருக்கவேண்டும்.

எல்லா எழுத்தும் யுனிகோட். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத் தெரியும், கூகிளிலும் அகப்படாது. கடிதத்தை ஸ்கேன் செய்து படமாகப் போட்டாலும் விடயத்தை இரண்டு வரி எழுத்தில் அடியுங்கள். கைபேசிப் படம் ஒன்று 3, 4 மெகாபைட் வரும். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து 150 கிலோபைட்டுக்குள் கொண்டுவந்து ஏற்றினால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் சிக்னல் குறைந்த இடத்திலும் திறக்கும்.

வெள்ளப் பக்கத்தை ஒக்டோபரிலேயே தயார் செய்யுங்கள். படமே வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, பிரதேச செயலகங்களின் இலக்கங்கள், மூடிய வீதிகள், கடைசியாகத் திருத்திய நேரம். மணி குறிக்காத வெள்ளச் செய்தி ஆபத்தானது. நேற்றுத் திறந்திருந்த பாதையை நம்பி இன்று ஆள் இறங்குவார்.

தளத்தின் முகவரியை உறுப்பினரின் பெயரிலேயே பதியுங்கள், வடிவமைத்துக் கொடுத்த தம்பியின் பெயரில் அல்ல. அவர் கட்டாருக்குப் போனபின் ஆண்டுக் கட்டணம் நின்று முகவரி காலாவதியாகிவிடும். கடவுச்சொல் இரண்டு பேரிடம் இருக்கட்டும், பதிவேட்டின் பிரதி மாதம் ஒருமுறை வெளியே சேமிக்கப்படட்டும்.