இடப்பக்கம் அடிக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கி: பழுதுபார்க்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கின் பெருநிலப் பக்கம், செபராங் பிறையில், என் தாய்மாமாவுக்குக் கொஞ்சம் செம்பனை நிலம் இருக்கிறது. நட்ட கன்றின் குருத்தைக் காட்டுப் பன்றி ஒரே இரவில் தோண்டித் தின்றுவிடும். அதற்காகவே உரிமத்தோடு ஒரு 12 எண் இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருக்கிறார். பர்மிங்ஹாமில் செய்தது. ஊர் திரும்பிய தோட்டத்துத் துரையிடமிருந்து தாத்தா வாங்கினார், பிறகு முறைப்படி மாமா பெயருக்கு மாறியது. சில ஆண்டுகளுக்கு முன் அது குறி தவறத் தொடங்கியது. வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பெரியம்மா மகன் குழலை மரக்கிளை இடுக்கில் வைத்து லேசாக நெளிக்கலாம் என்றான். இன்னொருவன் முனையிலிருக்கும் பித்தளை மணியை அரத்தால் தேய்க்கச் சொன்னான். அத்தை எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார். மூன்றில் துப்பாக்கிக்குக் கெடுதல் செய்யாதது அத்தையின் யோசனை ஒன்றுதான்.

மாமா செய்த முதல் தவறு, ஒரு வெடியை வைத்துத் தீர்ப்பு எழுதியது. பன்றிக்கு அவர் போடுவது எஸ்.ஜி. தோட்டா. அதில் இருப்பவை சுமார் 9 பெரிய ரவைகள். ஒன்பது ஓட்டைகளைப் பார்த்து 'நடு இதுதான்' என்று சொல்வது, ஒன்பது பேரைக் கேட்டுத் தேர்தல் முடிவு சொல்வது போலத்தான். நூற்றுக்கணக்கில் சிறு ரவை உள்ள தோட்டாவைப் போட்டு, நான்கடிச் சதுரப் பழுப்புத் தாளில் சுட வேண்டும். ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனியாக ஐந்து தாளாவது வேண்டும். எந்தத் தாள் எந்தக் குழலுடையது என்று அப்போதே எழுதி வையுங்கள். பத்துத் தாளையும் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகு பிரம்மாவாலும் பிரிக்க முடியாது.

இதை எங்கே சுடுவது? அனுமதி பெற்ற சுடுதளத்தில். சுட வேண்டியவர் உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவர். 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நம் நாட்டில் விளையாட்டல்ல. 'நான் கொஞ்சம் சுட்டுப் பார்க்கிறேன் மாமா' என்று மருமகன் வாங்கிப் பார்ப்பதும், பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் பழுதுபார்க்கக் கொடுப்பதும் பெரிய வினை. பழுதுபார்ப்பவருக்கும் உரிமம் இருக்க வேண்டும்.

சுடும்போது நிற்கும் விதத்திலும் ஒரு தவறு நடக்கிறது. ரைபிளைப் போல மணல் மூட்டையில் சாய்த்தோ இடுக்கியில் பூட்டியோ சுடுவார்கள். இரட்டைக் குழலுக்கு இது பொருந்தாது. வலக் குழல் வெடிக்கும்போது உதைப்பு துப்பாக்கியின் நடுவில் விழாமல் சற்று வலப்புறம் விழுகிறது. அதனால் முனை வலப்புறம் திரும்புகிறது. இடக் குழலில் இதுவே எதிர்ப்பக்கம் நடக்கிறது. செய்தவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் இரு குழல்களையும் இணையாக வைக்காமல், முனைப் பக்கம் லேசாக உள்நோக்கிச் சாய்த்துப் பற்றவைக்கிறார்கள். இரண்டும் சுமார் 40 கஜத்தில், அதாவது ஏறக்குறைய 37 மீட்டரில், ஒரே இடத்தில் விழ வேண்டும் என்பது கணக்கு. தோளும் கையும் உதைப்பை வாங்கினால்தான் அந்தக் கணக்கு நேராகும். எனவே வழக்கம்போல நின்று, வழக்கம்போலத் தோளில் ஏற்றிச் சுட வேண்டும்.

தாள்களைச் சுருட்டிக்கொண்டு ஜார்ஜ் டவுனில் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் போனோம். வயதான சீனர். துப்பாக்கியை மடித்து, தோட்டா போடும் இரு அறைகளும் காலியா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். பிறகு அதைத் தொடவேயில்லை. மலாயில் ஒரே கேள்வி கேட்டார்: "இரண்டு குழலும் ஒரே பக்கம் அடிக்கிறதா, வேறு வேறு பக்கமா?"

அந்தக் கேள்வியைக் கேட்காமல் அரத்தை எடுப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. ஒரு குழல் நேராகவும் மற்றது கோணலாகவும் அடித்தால், கோளாறு குழலிலோ, முனை ஒடுக்கமான சோக்கிலோ, குழல்களைச் சேர்க்கும் பற்றிலோ, தோட்டாவிலோ இருக்கலாம். இரண்டும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகினால் குழலைச் சந்தேகிப்பது வீண். பெரும்பாலும் குற்றவாளி, தோளில் பதியும் மரப் பின்கட்டை. அல்லது அதில் கன்னம் வைக்கும் மனிதர்.

மாமாவின் தாள்களில் இரு குழலும் 16 கஜத்தில் 3 அங்குலம் இடப்பக்கம் விழுந்திருந்தன. அந்த 16 கஜத்துக்குக் காரணம் உண்டு. கண்ணிலிருந்து குழல் முனைக்கு ஏறக்குறைய ஒரு கஜம். ஆகவே தாளில் ஓர் அங்குலம் விலகினால், கட்டையில் சரிசெய்ய வேண்டியது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. மூன்று அங்குலத்துக்குப் பதினாறில் மூன்று, கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர். 40 கஜத்தில் இதே தவறு ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக வளர்ந்துவிடும். பன்றி ஓடிப்போக அது போதும்.

பெரியவர் மாமாவின் முகத்தைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார், சிரித்தார். அந்தக் கட்டை யாரோ ஒல்லியான துரைக்காக அளந்து செய்தது. மாமாவுக்கு இப்போது கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. கன்னம் தடித்தால் கண் குழலின் நடுக்கோட்டை விட்டு இடப்பக்கம் தள்ளிப்போகும். ரவையும் கண்ணின் பின்னாலேயே இடப்பக்கம் போகும். இதற்குக் கட்டையைச் செதுக்குவது கடைசி வழி, ஏனென்றால் வெட்டிய மரம் திரும்ப ஒட்டாது. எண்ணெய்ச் சூட்டில் கட்டையின் கழுத்தை இளக்கி வலப்பக்கம் வளைக்கலாம். அதை வீட்டு அடுப்பில் முயன்றால் கழுத்து முறியும். கண்ணையும் சோதிக்க வேண்டும்: வலத் தோளில் ஏற்றுபவருக்குக் குறிபார்ப்பதில் இடக் கண் ஓங்கியிருந்தால் கட்டையை இப்படிக் கொஞ்சம் வளைப்பது உதவாது.

தோட்டா விஷயத்தில் நடக்கும் தவறு குறியோடு நிற்பதில்லை, கையையும் கொண்டுபோய்விடும். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றின் அறை 65 மில்லிமீட்டர் நீளத் தோட்டாவுக்கானது. இன்று கடையில் எளிதாகக் கிடைப்பது 70. சுடாத நிலையில் அதன் வாய் மடிந்திருப்பதால் 65 அறைக்குள்ளும் சாதுவாக நுழைந்துவிடும்; வெடித்த பிறகுதான் வாய் விரிந்து குழலின் தொண்டையை அடைக்கும், அழுத்தம் ஏறும். 'உள்ளே போகிறது, அப்படியானால் சரி' என்று நினைக்காதீர்கள். பர்மிங்ஹாமில் 1813 முதல் சோதனைச் சாலை இருக்கிறது. அதன் முத்திரைகள் குழலின் அடிப்பக்கத் தட்டையில் இருக்கும். அறை அளவை அங்கே தேடுங்கள், சந்தேகமிருந்தால் அளக்கச் சொல்லுங்கள். கனமான தோட்டாவின் உதைப்பு கூடும்போது வலக் குழல் மேலும் வலப்புறமும் இடக் குழல் மேலும் இடப்புறமும் விலகும். நல்ல துப்பாக்கியைக் கெட்டது என்று நினைக்க வைப்பது இதுவே. எஃகு ரவையைப் பழைய குழலில் போடவே கூடாது.

இனி, பட்டறைக்காரர்கள் செய்யும் தவறுகள். குழல்களை இணைக்கும் முதுகுப் பட்டை பெரும்பாலும் ஈயப் பற்றில் நிற்கிறது. பெரியவர் குழல்களைக் கழற்றி, குழலின் அடியில் இருக்கும் கொக்கியில் விரல் கொடுத்துத் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். கோயில் மணியைப் போல நீண்டு ஒலித்தது. பற்று விட்டிருந்தால் உடைந்த பானையைத் தட்டிய சத்தம் வருமாம். விட்ட இடத்தில் நம் ஊர் ஈரம் புகுந்து, வெளியே தெரியாமல் உள்ளே துருவாகும். இப்படிப்பட்ட குழல்களைப் பளபளப்பாக்குகிறேன் என்று கொதிக்கும் காரத் தொட்டியில் முக்கிக் கருமை ஏற்றினால், காரம் ஈயத்தைத் தின்று பட்டை கழன்றுவிடும். பழைய இரட்டைக் குழலுக்கு மெதுவாகத் துருவேற்றிக் கருமையாக்கும் முறைதான் சரி.

கீல் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க, குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றி, காலித் துப்பாக்கியை மூடி லேசாக ஆட்டினால் போதும். கடகடத்தால் நிபுணர் வேலை. நடுவே தகரத் துண்டு செருகுவதும் கொக்கியைச் சுத்தியலால் தட்டி அகலமாக்குவதும் சில வெடிகளுக்கு மட்டுமே தாங்கும்.

குழல் முனையை அறுப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சோக் போய்விடும், குழல்கள் சேரும் கணக்கு போய்விடும், போலீஸ் கேள்விக்கும் பதில் இருக்காது.

மாமாவின் கட்டை வளைந்து வந்தது. ஆனால் வளைத்த மரம் பழைய நினைவில் கொஞ்சம் திரும்பக்கூடும் என்று பெரியவர் எச்சரித்திருந்தார். அதனால் ஆறு மாதம் கழித்து மாமா மறுபடியும் பழுப்புத் தாளோடு சுடுதளத்துக்குப் போனார். இம்முறை அரை அங்குலம் இடம். அதை அப்படியே விட்டுவிட்டார்.