பெயர் கான்வென்ட், மறைக்கல்வி கோவிலில்

மலேசியாவின் பினாங்குக்கு வந்து வீடு பார்த்த கையோடு நம்மூர்க் கத்தோலிக்கர்கள் விசாரிப்பது, பக்கத்தில் கான்வென்ட் எங்கே என்றுதான். நாங்களும் அப்படித்தான் கேட்டோம். திருச்சியில் கான்வென்டில் சேர்த்தால் ஜெபமும் ஞானோபதேசமும் பள்ளியோடு சேர்ந்தே வந்துவிடும். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, அதாவது நம் சமயப் பாடம்; மற்றவர்களுக்கு நீதிபோதனை. அதே நினைப்போடு இங்கே வந்தால் ஏமாறுவீர்கள்.

லைட் ஸ்ட்ரீட் கான்வென்டைக் குழந்தை இயேசு சபைக் கன்னியர்கள் 1852-இல் தொடங்கினார்கள். செயின்ட் சேவியர்ஸ் பள்ளியும் அதே ஆண்டு லசால் சகோதரர்கள் தொடங்கியது. ஆனால் அந்தப் பரம்பரையில் வந்த ஆரம்பப் பள்ளிகள் பெரும்பாலும் இன்று அரசு உதவி பெறும் தேசியப் பள்ளிகள். நிலமும் பெயரும் மிஷனுடையது. ஆசிரியர், பாடத்திட்டம், கால அட்டவணை எல்லாம் அரசாங்கத்தினுடையது. பாடமொழி மலாய். முஸ்லிம் பிள்ளைகள் இஸ்லாமியக் கல்விக்குப் போகும் நேரத்தில் நம் பிள்ளைகளுக்கு நன்னெறிக் கல்வி. நல்ல பாடம்தான், ஆனால் அதில் விவிலியம் இருக்காது.

1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இஸ்லாம் அல்லாத வேறு சமய வகுப்பைத் தடுக்கவில்லை. உதவி பெறும் பள்ளியின் நிர்வாகக் குழு விரும்பினால் நடத்தலாம். அரசுப் பணத்தை மட்டும் அதற்குச் செலவழிக்கக் கூடாது. அந்த வகுப்பின் சமயத்தைச் சேராத பிள்ளை அதில் உட்கார வேண்டுமென்றால் பெற்றோர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். ஆக, சேர்க்கும்போதே அப்படி வகுப்பு உண்டா என்று கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் மனம் உடையாதீர்கள். அந்தப் பள்ளிகளின் ஒழுங்கும் அக்கறையும் இன்னும் சேர்க்கத் தகுந்தவையே.

வெளிநாட்டுக் குடிமக்களின் பிள்ளைகளைத் தேசியப் பள்ளியில் சேர்க்கத் தனி அனுமதி வேண்டும், கட்டணமும் உண்டு. அதனால் வேலை பாஸில் வரும் பலர் இண்டர்நேஷனல் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். அங்கேயும் மறைக்கல்விக்கு நீங்கள்தான் வழி பார்க்க வேண்டும்.

வழி எங்கே? பங்குக் கோவிலில், அதாவது உங்கள் வட்டாரத்துக் கத்தோலிக்கக் கோவிலில். பினாங் ரோட்டில் புனித சவேரியார் கோவில் இருக்கிறது. தமிழர்களுக்கென்றே எழுந்த பங்கு அது. வந்த முதல் மாதமே ஏதாவது ஒரு பங்கில் பெயரைப் பதியுங்கள். பிள்ளையின் ஞானஸ்நானச் சான்றிதழை ஊரிலிருந்து கையோடு கொண்டுவாருங்கள். புதுநன்மைக்கும் (முதல் முறை நற்கருணை வாங்குவது) அதற்குப் பிறகு வரும் உறுதிப்பூசுதல் சடங்குக்கும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். நாங்கள் பள்ளியே பார்த்துக்கொள்ளும் என்று ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டோம். அப்புறம் எங்கள் மகன் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்துதான் புதுநன்மைக்குத் தயாரானான். முதல் சில வாரம் அவன் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

இன்னொன்று, மறைக்கல்விக்கு எந்த மொழி வகுப்பு? ஆங்கில வகுப்பில் நண்பர்கள் சீக்கிரம் கிடைப்பார்கள், உண்மைதான். ஆனால் இரவு வீடியோ காலில் பாட்டி ஜெபமாலை தொடங்கி "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று சொல்லும்போது, பிள்ளை வாயைத் திறக்காமல் மணியை மட்டும் உருட்டிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த வருடமே தமிழ் வகுப்புக்கு மாற்றினோம். தேசியப் பள்ளியில் படித்தால் தமிழையும் விட வேண்டாம்: 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் பள்ளியில் தமிழ் வகுப்பு வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மற்றப் பெற்றோர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

நாட்காட்டியையும் பார்த்து வையுங்கள். கிறிஸ்துமஸ் நாடு முழுவதும் விடுமுறை. பெரிய வெள்ளிக்கு சபா, சரவாக் மாநிலங்களில் மட்டும்தான் பொது விடுமுறை, இங்கே இல்லை. மதியம் மூன்று மணி வழிபாட்டுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டும் என்றால் வகுப்பாசிரியருக்கு முன்கூட்டியே மலாயில் ஒரு கடிதம் கொடுங்கள். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று நெற்றிச் சாம்பலோடு பள்ளிக்குப் போவதாக இருந்தால், தோழிகள் கேட்டால் என்ன சொல்வது என்று காலையிலேயே சொல்லி அனுப்புங்கள்.

ஜூலை 26 நெருங்கும்போது புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குப் பிள்ளைகளோடு கிளம்பிவிடுங்கள். நாடு முழுக்க இருந்து ஆட்கள் வருவார்கள், கூட்டம் நெருக்கும். தண்ணீர் பாட்டிலும் குடையும் மறக்காதீர்கள். பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்.