கரண்ட் கம்பி வராத தோட்டத்து வீடு: சோலாரில் பேட்டரிக் கணக்கு

கம்பம் நட வழியில்லாத இடம் என்றால் பேட்டரி வைத்த சோலார்தான் கதி. பக்கத்திலேயே ஈபி கம்பம் இருந்தும் பில் கட்ட வேண்டாமே என்று இதில் இறங்குபவர்கள் முதலில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மத்திய அரசின் வீட்டுக்கூரை சோலார் திட்டமான பிஎம் சூர்ய கர் மானியமும் ஈபி லைனோடு இணைந்த அமைப்புக்குத்தான் கிடைக்கும்.

ஒரு நாள் தேவையை வாட்-மணியில் (வாட்டை ஓடும் மணி நேரத்தால் பெருக்கியது) எழுதுங்கள். 30 வாட் பிஎல்டிசி (கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார்) ஃபேன் மூன்று, பத்து மணி நேரம்: 900. 9 வாட் எல்இடி ஆறு, ஐந்து மணி நேரம்: 270. சின்ன ஃபிரிட்ஜ் 800, டிவி, போன், லேப்டாப் 350, மிக்ஸி பத்து நிமிடம் 125. மொத்தம் 2,445. பலரும் விட்டுவிடுவது இன்வெர்ட்டர் தின்னும் கரண்டை. சும்மா ஓடினாலே 20 வாட் என்றால் நாளுக்கு 480. 1,000 வாட்-மணி ஒரு யூனிட், ஆக சுமார் 3 யூனிட். பழைய 75 வாட் ஃபேன்களே இருந்தால் இன்னும் 1.35 யூனிட் கூடும். ஃபேனை மாற்றுவது பேட்டரி கூட்டுவதைவிட மலிவு.

இனி பேட்டரி. 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் வகை ஈய-ஆசிட் பேட்டரியில் 1.8 யூனிட் என்பது காகிதக் கணக்கு. பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும், ஆகவே கையில் கிடைப்பது 0.9. நான்கு வாங்கினால் 3.6 யூனிட்: ஒரு இரவும், மழை மூடிய ஒரு பகலில் கொஞ்சமும் தாங்கும். வாங்கும்போது சி10 (பத்து மணி நேரத்தில் இறக்கி அளந்த கொள்ளளவு) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சி20, அதாவது இருபது மணி நேரத்தில் அளந்தது என்றால் அதே 150 ஏஎச் சோலார் வேலையில் குறைவாகத்தான் தரும். ஒன்று சுமார் 16,000 ரூபாய் என்றால் நான்குக்கு 64,000. ஐந்து வருடம் உழைத்தாலும் பேட்டரி வகையில் மட்டும் யூனிட்டுக்கு 12 ரூபாய்க்கு அருகே வந்துவிடுகிறது. லித்தியம் ஃபெரோ பாஸ்பேட்டில் 80 சதவீதம் வரை எடுக்கலாம், ஆயுளும் அதிகம். முதல் விலைதான் இடிக்கும்.

பேனலை சித்திரை வெயிலுக்குக் கணக்கிட்டு வாங்கினால் ஐப்பசி, கார்த்திகையில் மாட்டிக்கொள்வீர்கள். சராசரியாக ஒரு கிலோவாட் நாளுக்கு 4 யூனிட் தரும். அடைமழை நாளில் அதில் பாதிகூட வராது. பேட்டரியில் ஏற்றி இறக்கும் இழப்பையும் சேர்த்தால் 3 யூனிட் வீட்டுக்கு 1.6 கிலோவாட், அதாவது 540 வாட் பேனல் மூன்று தேவை. தெற்குப் பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்வு போதும். ஒரு தென்னை மட்டையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலே வரிசை முழுவதன் உற்பத்தியும் சரியும்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் மிச்சம் பிடிக்காதீர்கள். 37 வோல்ட்டில் ஓடும் 330 வாட் பேனலைச் சாதா பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் வழியாக 12 வோல்ட் பேட்டரிக்குக் கொடுத்தால் கிடைப்பது 120 வாட் அளவுதான். பேனல் வோல்டேஜைப் பேட்டரிக்கு ஏற்ப மாற்றித் தரும் எம்பிபிடி வகை வேண்டும். அதன் வோல்ட் வரம்பையும் பாருங்கள்: இந்த 540 வாட் பேனல்கள் மூன்றைத் தொடராக இணைத்தால் திறந்த நிலை வோல்டேஜ் (கரண்ட் எடுக்காதபோது இருப்பது) 150-ஐத் தொடும், குளிரில் இன்னும் ஏறும். 150 வோல்ட் கன்ட்ரோலர் அங்கே எரியும்.

பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் ஒன்றரை மீட்டருக்குள் இருக்கட்டும், நடுவில் டிசி ஃபியூஸ் கட்டாயம். வீட்டு ஏசி கரண்டுக்கான எம்சிபியை (தானாக அணையும் சுவிட்ச்) போட்டால் டிசி தீப்பொறியை அது அணைக்காது. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். காற்றோட்டமான இடம் வேண்டும், பூஜை விளக்குப் பக்கம் வேண்டாம்.

பேட்டரியைக் கொல்வது பெரும்பாலும் மழைக்காலம்தான். நாட்கணக்கில் அரைகுறை சார்ஜில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அந்த வாரங்களில் ஃபிரிட்ஜை நிறுத்துங்கள், அல்லது சின்ன ஜெனரேட்டரில் வாரம் ஒருமுறையாவது முழு சார்ஜ் ஏற்றுங்கள். டிஸ்டில்டு வாட்டரை முழு சார்ஜுக்குப் பிறகே ஊற்ற வேண்டும். முன்பே நிரப்பினால் பொங்கி ஆசிட் வழியும்.

கிணற்று மோட்டாரை இந்த இன்வெர்ட்டரில் மாட்டவே கூடாது. 1 ஹெச்பி ஓடும்போது 746 வாட்டுக்கு மேல், கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். தனி சோலார் பம்பு வைத்துப் பகலிலேயே மேல்தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். விவசாய நிலம் என்றால் மத்திய அரசின் பிஎம் குசும் சோலார் பம்பு மானியத்துக்கு வேளாண் பொறியியல் துறையில் விசாரிக்கலாம்.