குடும்ப வன்முறை மரண மறுஆய்வில் இறந்தவரின் குடும்பத்தினர் பங்கேற்பது எப்படி

இங்கிலாந்திலும் வேல்ஸிலும், பதினாறு வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் தம் உறவினர், இணையர், முன்னாள் இணையர் அல்லது ஒரே வீட்டில் வசித்த ஒருவர் இழைத்த வன்முறையாலோ கொடுமையாலோ புறக்கணிப்பாலோ இறந்ததாகத் தெரிந்தால், அந்த மரணத்தைச் சூழ்ந்த நிலைமைகளை ஆராய அதிகாரபூர்வ மறுஆய்வு நடத்துவதற்கு 2004ஆம் ஆண்டின் குடும்ப வன்முறை, குற்றம் மற்றும் பாதிக்கப்பட்டோர் சட்டத்தின் 9ஆம் பிரிவு வழிவகுக்கிறது. சட்டம் 2004இல் நிறைவேறினாலும், இந்தப் பிரிவு 2011 ஏப்ரல் 13 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. நெடுங்காலம் 'குடும்பக் கொலை மறுஆய்வு' என்ற பெயரே வழங்கிவந்தது. கொலையென்று நிரூபிக்கப்படாத மரணங்களும், கொடுமை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் மரணங்களும் இதில் அடங்குவதால், 'குடும்ப வன்முறை சார்ந்த மரண மறுஆய்வு' என்ற பெயரை 2024ஆம் ஆண்டின் பாதிக்கப்பட்டோர் மற்றும் கைதிகள் சட்டம் வகுத்தது. கடிதங்களில் இரண்டு பெயர்களையும் நீங்கள் காணக்கூடும்; இரண்டும் ஒரே நடைமுறையைத்தான் குறிக்கின்றன.

குற்றவாளி யார் என்பதைக் குற்றவியல் நீதிமன்றம் தீர்மானிக்கிறது. மரணம் எவ்வாறு நேர்ந்தது என்பதை மரண விசாரணை அதிகாரி கண்டறிகிறார். பணியில் தவறிய ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கையை அவரவர் நிறுவனமே பார்த்துக்கொள்கிறது. மறுஆய்வு இவற்றில் எதையும் செய்வதில்லை. காவல்துறை, மருத்துவர், சமூகநலத் துறை, வீட்டுவசதித் துறை, நன்னடத்தைக் கண்காணிப்புத் துறை ஆகியவற்றுக்கு என்ன தெரிந்திருந்தது, தெரிந்ததை வைத்து அவை என்ன செய்தன, எதைச் செய்திருக்கலாம் என்பவையே அதன் கேள்விகள். யாரையாவது தண்டிக்கும் என்ற எதிர்பார்ப்புடன் உள்ளே செல்லும் குடும்பத்தினர் ஏமாற்றமடைகிறார்கள். ஆகவே இந்த வரம்பைத் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

அப்படியானால் பங்கேற்று என்ன பயன் என்ற கேள்வி எழும். அலுவலகக் கோப்புகளில் இருப்பது, இறந்தவர் அலுவலர்களிடம் சொன்னதும், அவர்கள் அதில் எழுதிவைக்கத் தக்கதென்று கருதியதும் மட்டுமே. அவர் சொல்லாமல் விட்டவை, சொல்ல முயன்று திரும்பி வந்தவை, ஏன் சொல்ல அஞ்சினார் என்பவை எல்லாம் தாய்க்கும் சகோதரிக்கும் தோழிக்கும் உடன் வேலைபார்த்தவருக்கும்தான் தெரியும். கோப்புகளை மட்டும் நம்பி எழுதப்படும் அறிக்கை, "உதவி வழங்க முன்வந்தும் அவர் ஏற்கவில்லை" என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடக்கூடும்; அந்த மறுப்பின் பின்னால் இருந்த அச்சத்தைக் குடும்பத்தினர்தான் பதிவுக்குக் கொண்டுவர முடியும்.

மறுஆய்வு தொடங்குகிறதா என்பதை உறுதிசெய்தல்

மறுஆய்வை அமைக்கும் பொறுப்பு உள்ளூர்ச் சமூகப் பாதுகாப்புக் கூட்டமைப்பினுடையது. உள்ளாட்சி மன்றம், காவல்துறை, தீயணைப்புத் துறை, நன்னடத்தைக் கண்காணிப்புத் துறை, சுகாதார அமைப்பு ஆகியவை சேர்ந்த குழு அது. வழக்கமாக மரணத்தைப் பற்றிக் காவல்துறை அதற்கு அறிவிக்கும். அறிவித்த ஒரு மாதத்துக்குள் மறுஆய்வு நடத்துவதா இல்லையா என்று அது முடிவுசெய்து, அம்முடிவை உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதல் கூறுகிறது. இரண்டு மாதங்களாகியும் உங்களுக்கு எந்தத் தகவலும் வராவிட்டால், காவல்துறையின் குடும்பத் தொடர்பு அலுவலரிடம் கேளுங்கள். அவர் வழியாக விடை கிடைக்காவிட்டால், மன்றத்தின் சமூகப் பாதுகாப்புப் பிரிவுக்கு நேரடியாகக் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, முடிவை எழுத்தில் தருமாறு கேளுங்கள்.

உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் குடும்பத்தினர் இந்தக் கட்டத்தில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். இறந்தவர் அடக்குமுறைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உள்ளாகியிருந்தார் என்பது போன்ற கவலைக்குரிய சூழ்நிலை தெரியவந்தால், யார் மீதும் குற்றச்சாட்டுப் பதியப்படாத நிலையிலும் மறுஆய்வு நடத்த வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. இருந்தும், கொலை என்றால் எழும் அவசரம் இத்தகைய மரணங்களில் பலநேரம் எழுவதில்லை. இணையர் கைப்பேசியைச் சோதித்தது, பணத்தைத் தம் கையில் வைத்துக்கொண்டது, உறவினரைச் சந்திக்கவிடாமல் தடுத்தது போன்றவற்றை நீங்கள் அறிந்திருந்தால், அவற்றைத் தேதியோடு எழுதிக் கூட்டமைப்புக்கு அனுப்புவதே மறுஆய்வைக் கோருவதற்கான வலுவான வழி. மறுஆய்வு தேவையில்லை என்று கூட்டமைப்பு முடிவுசெய்தாலும் விஷயம் அங்கேயே முடிந்துவிடாது: அந்த முடிவை உள்துறை அமைச்சகம் பரிசீலிக்கிறது, மறுஆய்வை நடத்துமாறு உத்தரவிடும் அதிகாரமும் உள்துறை அமைச்சருக்குச் சட்டப்படி உண்டு.

துணைக்கு ஒருவர்

முதல் சந்திப்புக்கு முன்பே, இத்துறையில் பழகிய ஆதரவாளர் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். 'ஆஃப்டா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமைப்பு, குடும்ப வன்முறையால் உறவை இழந்தவர்களுக்கு இம்மறுஆய்வுகளில் துணைநிற்பதையே தன் முதன்மைப் பணியாகக் கொண்டது. அதை நிறுவிய ஃபிராங்க் முல்லேன், தம் சகோதரியையும் அவருடைய மகனையும் 2003இல் இத்தகைய கொலையில் இழந்தவர். 'விக்டிம் சப்போர்ட்' அமைப்பின் கொலை வழக்குப் பிரிவும் உதவும். தெற்காசியக் குடும்பங்களின் சூழலை அறிந்த துணை வேண்டுமென்றால் 1979 முதல் இயங்கிவரும் 'சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்' அமைப்பை அணுகலாம். இவர்களின் உதவிக்குக் கட்டணம் இல்லை.

ஆய்வு வரையறை: குரல் மிகவும் எடுபடும் இடம்

குடும்பத்தினர் பலர் வரைவறிக்கை கைக்கு வந்தபின்தான் தம் கருத்தைச் சொல்லத் தொடங்குகிறார்கள். அதற்குள் எந்த ஆண்டிலிருந்து ஆராய்வது, எந்தெந்த அலுவலகங்களிடம் கோப்பு கேட்பது, எந்தக் கேள்விகளைக் கேட்பது என்பவையெல்லாம் முடிவாகி, பல மாத வேலை நடந்து முடிந்திருக்கும். இவற்றை வகுக்கும் ஆவணமே ஆய்வு வரையறை. மறுஆய்வுக்கெனக் கூட்டமைப்பு அமைக்கும் குழுவின் தலைவர் உங்களை முதலில் தொடர்புகொள்ளும்போதே அதன் வரைவைக் கேட்டு வாங்குங்கள். என் கருத்தில், பல மாதங்கள் நடக்கும் இந்த வேலையில் குடும்பத்தினர் ஒரே ஒரு நாளைத்தான் ஒதுக்க முடியும் என்றால், அதை இந்த ஆவணத்துக்கே ஒதுக்க வேண்டும்.

முதலில் காலவரம்பைப் பாருங்கள். இறப்புக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் மட்டும் என்று வரையறுத்திருந்து, கொடுமை தொடங்கியது ஏழு ஆண்டுகளுக்கு முன்பு என்று உங்களுக்குத் தெரிந்தால், காரணத்தைக் குறிப்பிட்டு நீட்டிக்கக் கேளுங்கள். கர்ப்பகாலம், பிரிந்துசெல்ல முயன்ற காலம், நாடு மாறிவந்த காலம் ஆகியவை விடுபடக் கூடாது. பிரிவை ஒட்டிய காலத்தில் ஆபத்து கூடுகிறது என்பது இத்துறையில் நன்கு அறியப்பட்ட உண்மை.

அடுத்து, பட்டியலில் இல்லாத அலுவலகங்களைத் தேடுங்கள். பிள்ளைகளின் பள்ளி, இறந்தவர் பணியாற்றிய இடம், பல்மருத்துவர், மகப்பேறு மருத்துவமனை, குடிவரவு வழக்கறிஞர், வழிபாட்டுத் தலம் என எங்கேனும் ஓரிடத்தில் அவர் வாய்திறந்திருக்கலாம். குற்றம் செய்தவரின் முந்தைய இணையர்கள் காவல்துறையிடம் முறையிட்டிருந்தார்களா என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் ஆராயப்பட வேண்டியது இறந்தவரின் வாழ்க்கை மட்டுமன்று.

பின்னர் உங்கள் கேள்விகளை எழுதுங்கள். "ஏன் காப்பாற்றவில்லை?" என்ற கேள்வியில் நியாயம் இருந்தாலும், அதை யாரிடம் கேட்பது என்பது குழுவுக்குத் தெரியாது. "அவர் மருத்துவரிடம் சென்ற ஒவ்வொரு முறையும் மொழிபெயர்த்தவர் யார்? தனியாகப் பேச அவருக்கு வாய்ப்பு அளிக்கப்பட்டதா?" என்று கேட்டால், யாரிடம் விடை கேட்பது என்பது குழுவுக்குத் தெளிவாகத் தெரியும். விசா நிலை குறித்த அச்சம், குடும்ப மானம் என்ற பெயரில் வந்த அழுத்தம், கணவரின் உறவினர்களின் பங்கு ஆகியவற்றையும் இவ்வாறே குறிப்பான கேள்விகளாக மாற்றலாம்.

தலைவரைப் பற்றிக் கேட்கவும் தயங்க வேண்டாம். அவர் ஆராயப்படும் அலுவலகங்களைச் சாராதவராக இருக்க வேண்டும். முன்பு எங்கே பணியாற்றினார் என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. குழுவில் குடும்ப வன்முறைத் துறையில் தேர்ந்த தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி இருக்கிறாரா, இறந்தவரின் பண்பாட்டுச் சூழலை அறிந்தவர் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள்.

தகவல் அளித்தல்

பங்கேற்பது கட்டாயமன்று. தொடக்கத்தில் மறுத்துவிட்டுப் பின்னர் சேரலாம், இடையில் நிறுத்தலாம், நேரில் பேசாமல் எழுதிக் கொடுக்கலாம், ஆதரவாளரைப் பேசச் சொல்லலாம். சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் உங்கள் வசதிப்படி கேளுங்கள். தமிழில் பேசுவதே எளிது என்றால் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கோருங்கள். உறவினரோ பிள்ளைகளோ மொழிபெயர்ப்பதை ஏற்காதீர்கள், அவரும் உங்களைப் போலவே துயரத்தில் இருப்பவர், சில செய்திகளை அவர் முன்னிலையில் உங்களால் சொல்லவும் முடியாது. மொழிபெயர்ப்பாளர் இரு குடும்பங்களுக்கும் அறிமுகமில்லாதவராக இருக்க வேண்டும் என்றும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

குற்றவியல் வழக்கு நடந்துகொண்டிருந்தால் ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. நீங்கள் அந்த வழக்கில் சாட்சியாக இருந்தால், வழக்கு முடியும்வரை உங்களிடம் பேசுவதைத் தலைவர் ஒத்திவைக்கக்கூடும். மறுஆய்வில் நீங்கள் சொல்பவை வழக்குக்குத் தொடர்புடையவை என்றால் அவற்றை அரசு வழக்குத் தொடுப்புத் துறைக்கு அளிக்க நேரிடலாம் என்பதால், பேசுவதற்கு முன் தலைவரிடமும் வழக்கை விசாரிக்கும் மூத்த காவல் அதிகாரியிடமும் தெளிவு பெறுங்கள். குறுஞ்செய்திகள், படங்கள், நாட்குறிப்பு போன்ற மூலங்களை ஒருபோதும் திருத்தவோ அழிக்கவோ வேண்டாம். காவல்துறை கேட்டால் மூலத்தை அவர்களிடம் ஒப்படைத்து, மறுஆய்வுக்கு நகலைக் கொடுங்கள்.

தோழிகளையும் உடன் பணியாற்றியவர்களையும் அண்டை வீட்டாரையும் சந்திக்குமாறு தலைவரிடம் பரிந்துரைக்கலாம். இறந்தவர் எப்படிப்பட்டவர், எதை விரும்பினார், எதற்குச் சிரித்தார் என்பதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால், அதை அறிக்கையில் சேர்ப்பது வழக்கம். பிள்ளைகளின் பங்கேற்பை அவர்களின் வயதையும் அவர்களைக் கவனித்துவருபவரின் கருத்தையும் பொறுத்துத் தலைவர் முடிவுசெய்வார்.

வழக்கு முடிந்தபின் குற்றம் செய்தவரையோ அவருடைய குடும்பத்தினரையோ குழு சந்திக்கக்கூடும். இது உங்களுக்குக் கசப்பாகவே இருக்கும், தடுப்பதும் இயலாது. ஆனால் அத்தகைய சந்திப்பு நடக்கப்போகிறதென்று முன்னரே தெரிவிக்குமாறு கேளுங்கள். நீங்கள் சொன்னவை அவர்களிடம் போய்ச் சேராது என்ற உறுதியையும் எழுத்தில் பெறுங்கள்.

வரைவறிக்கையைப் படித்தல்

முடிவெடுத்த நாளிலிருந்து ஆறு மாதங்களில் அறிக்கை நிறைவடைய வேண்டும் என்பது வழிகாட்டுதலின் காலவரம்பு. நடைமுறையில், வழக்கு நிலுவையில் இருப்பதாலும் பிற தாமதங்களாலும் இது பெரும்பாலும் நீண்டுவிடுகிறது. அதனால் சில வாரங்களுக்கு ஒருமுறை நிலவரம் தெரிவிக்கும் ஏற்பாட்டை முதல் சந்திப்பிலேயே செய்துகொள்ளுங்கள்.

வரைவைத் தனிமையில், போதிய அவகாசத்தோடு படிக்க உங்களுக்கு வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும். ஒரே அமர்வில், ஓர் அலுவலர் எதிரே அமர்ந்திருக்கப் படித்துக் கருத்துச் சொல்லச் சொன்னால், அது போதாது என்று மறுத்துவிடலாம். அறிக்கையில் நீங்கள் இதுவரை அறிந்திராத காயங்களும் மருத்துவக் குறிப்புகளும் இருக்கக்கூடும் என்பதால், முதல் வாசிப்பை உங்கள் ஆதரவாளர் செய்துவிட்டு எந்தப் பக்கங்களில் கடினமானவை உள்ளன என்று சொல்வது நல்ல ஏற்பாடு.

படிக்கும்போது தேதிகளையும் உறவுமுறைகளையும் மட்டும் சரிபார்த்து நின்றுவிடாதீர்கள், சொற்களையும் கவனியுங்கள். ஒருவர் மற்றவரை அடித்ததைத் 'தம்பதியரிடையே தகராறு' என்று எழுதியிருந்தால், அந்தச் சொல் பொறுப்பை இருவருக்கும் சமமாகப் பங்கிட்டுவிடுகிறது. 'அவர் ஒத்துழைக்கவில்லை' என்ற வரிக்கு, ஒத்துழைக்க எது தடையாக இருந்தது என்ற விளக்கத்தைக் கேளுங்கள். உங்கள் கருத்தைக் குழு ஏற்காவிட்டால், அந்தக் கருத்து வேறுபாட்டையாவது அறிக்கையில் பதிவுசெய்யக் கோருங்கள்.

வெளியிடப்படும் அறிக்கையில் பொதுவாக உண்மைப் பெயர்கள் இடம்பெறுவதில்லை. இறந்தவருக்கான மாற்றுப் பெயரைக் குடும்பத்தினரே தேர்ந்தெடுக்கலாம்; இல்லாவிட்டால் ஓர் எழுத்தோ எண்ணோ அவரைக் குறித்துவிடக்கூடும். பிள்ளைகளை அடையாளம் காட்டக்கூடிய பிறந்த தேதி, பள்ளி, ஊரின் தனித்த அடையாளம் போன்றவை நீக்கப்பட்டுள்ளனவா என்றும் பாருங்கள்.

பரிந்துரைகளும் செயல்திட்டமும்

அறிக்கையோடு ஒரு செயல்திட்டமும் இருக்கும். அதைப் பலர் புரட்டாமலே விட்டுவிடுகிறார்கள், உண்மையில் எதிர்காலத்தில் எதையாவது மாற்றக்கூடிய பகுதி அதுதான். "ஊழியர்களுக்கு விழிப்புணர்வு ஏற்படுத்தப்படும்" என்பது யாராலும் நிறைவேற்றப்பட்டதாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய பரிந்துரை. எந்த ஊழியர்களுக்கு, யார் பொறுப்பில், எந்தத் தேதிக்குள், நடந்ததென்பதற்கு எது சான்று என்ற நான்கும் இல்லாத ஒவ்வொரு வரியையும் குறித்துத் திருத்தக் கேளுங்கள்.

இதன்பின் உள்துறை அமைச்சகத்தின் தர உறுதிக் குழு அறிக்கையைப் பரிசீலிக்கும். திருத்தம் கோரித் திருப்பி அனுப்புவதும் உண்டு. பின்னர் வெளியீடு நடைபெறும். குடும்ப வன்முறை ஆணையருக்கும் அறிக்கையின் பிரதி செல்லும். வெளியிடும் நாளை முன்கூட்டியே தெரிவிக்குமாறும், பிறந்தநாள், நினைவுநாள், பண்டிகை ஆகியவற்றைத் தவிர்க்குமாறும் கேளுங்கள். செய்தியாளர்கள் அணுகினால் யார் பேசுவது, பேசுவதா வேண்டாமா என்பதைக் குடும்பத்துக்குள் முன்னரே முடிவுசெய்துகொள்வது நல்லது.

ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் தனித்தனி நடைமுறைகளைக் கொண்டவை. வேல்ஸில் 2024 அக்டோபர் முதல் பல்வேறு மறுஆய்வுகளை ஒன்றிணைக்கும் ஒற்றைப் பாதுகாப்பு மறுஆய்வு முறை வந்திருப்பதால், அங்குள்ளவர்கள் தம் வழக்கு எந்த முறையின்கீழ் வருகிறது என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.

வெளியீட்டுக்குப் பின் தலைவரின் பணி முடிந்துவிடும்; செயல்திட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு கூட்டமைப்பிடமே இருக்கும். ஆகவே கடைசிச் சந்திப்பில், கூட்டமைப்பில் இதற்குப் பொறுப்பான அலுவலரின் பதவியையும் தொடர்பு முகவரியையும் எழுதி வாங்கிக்கொண்டு, செயல்திட்டத்தில் உள்ள ஒவ்வொரு தேதியும் கடந்ததும் என்ன நடந்தது என்று எழுத்தில் கேளுங்கள். விடை வராவிட்டால் உள்ளாட்சி மன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அந்தக் கடிதத்தின் நகலை அனுப்பலாம்.